ஓய்வெடுக்கும் இயந்திரமும் ஓயாத எலியும்

கம்பனையும் பாரதியையும் படித்துப் பழகிய நம் சங்க அன்பர்களுக்கு இந்த இதழில் எலியைப் பற்றி ஒரு கட்டுரை வருவது சற்று வியப்பாக இருக்கலாம். சென்ற மாதக் கூட்டம் முடிந்து காபி குடித்துக்கொண்டிருந்தபோது, ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் கார் வயரை எலி கடித்துவிட்டது என்று மூன்று பேர் தனித்தனியே என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்கள். அந்தப் பாடத்தை அவர்களைவிட அதிக விலை கொடுத்துப் படித்தவன் என்ற ஒரே தகுதியில் இதை எழுதுகிறேன்.

நான் நாஞ்சில் நாட்டில், பூதப்பாண்டிப் பக்கத்துக்காரன். வேலை நிமித்தம் கழக்கூட்டம் வந்து, ஓய்வு பெற்ற பிறகும் இங்கேயே தங்கிவிட்டேன். 1990-இல் டெக்னோபார்க் தொடங்கிய பிறகு இந்தப் பக்கத்து வயல்களும் தோப்புகளும் ஒவ்வொன்றாக மனையாகிவிட்டன. இருந்தாலும் மண்ணில் பிறந்தவனுக்குக் கை சும்மா இருக்குமா? போத்தன்கோடு போகும் வழியில் ஒன்றரை ஏக்கர் குத்தகைக்கு எடுத்து, வாழையும் மரச்சீனியும் கொஞ்சம் காய்கறியும் போட்டு வருகிறேன். பழைய பவர் டில்லர் ஒன்று, புல் வெட்டும் இயந்திரம் ஒன்று, பம்பு செட் ஒன்று. இவைதாம் என் சொத்து. தோப்பு ஓரத்தில் செங்கல் சுவரும் ஆஸ்பெஸ்டாஸ் கூரையுமாக ஒரு ஷெட்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் பனிக்காலம் வந்ததும் டிராக்டரையும் அறுவடை இயந்திரத்தையும் கொட்டகையில் ஏற்றிப் பூட்டிவிடுவார்கள். குளிருக்கு ஒதுங்கும் சுண்டெலிகள் அதற்குள் குடியேறும். நமக்கு அந்தப் பனி கிடையாது. ஆனால் இடவப்பாதி மழை உண்டு. ஜூன் முதல் வாரம் பிடிக்கும் மழையில் வரப்பிலும் மேட்டிலும் இருக்கும் எலி வளைகளில் நீர் நிறைந்துவிடும். நனையாத இடம் தேடி அது வரும்போது, நாமும் மழை என்று டில்லரை உள்ளே தள்ளிப் பூட்டியிருப்போம். ஆள் நடமாட்டம் இல்லை, வெளிச்சம் இல்லை, நாய் இல்லை. எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். நான்கு மாதத்துக்கு வாடகை இல்லாத தனி வீடே கிடைத்துவிடுகிறது.

2021-ஆம் ஆண்டு நான் செய்ததைச் சொல்கிறேன். மே கடைசியில் டில்லரைக் கழுவாமலே உள்ளே விட்டேன். மழைச் சாரல் படக் கூடாதென்று தார்ப்பாயைத் தரை வரை இழுத்து மூடி, ஓரத்தில் கல் வைத்தேன். பக்கத்திலேயே இரண்டு சாக்கு கடலைப் பிண்ணாக்கும், ஒரு சாக்கு எல்லுப்பொடியும், விதைப் பயறும் அடுக்கி வைத்தேன். எலிக்குச் சாப்பாடும் மெத்தையும் போர்வையும் என் கையாலேயே ஏற்பாடு செய்திருக்கிறேன் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஓணத்துக்கு வெட்ட வேண்டிய நேந்திரனை அக்டோபர், நவம்பரில் நட்டுவிட வேண்டும். பத்து மாதப் பயிர்; தள்ளிப்போனால் ஓண விலை போய்விடும். அக்டோபரில் ஒரு நாள் மழை விட்டதும் தார்ப்பாயை எடுத்து டில்லரைக் கிளப்பினேன். இருமிக்கொண்டே கிளம்பி, கரும்புகை விட்டு நின்றுவிட்டது. மெக்கானிக் வந்து ஏர் கிளீனரைக் கழற்றினார். உள்ளே சாக்கு நார், வாழைச் சருகு, என் பழைய துண்டின் நூல் எல்லாம் சேர்த்துக் கட்டிய கூடு. வி-பெல்ட் இரண்டு இடத்தில் கடிபட்டிருந்தது. விளக்கு வயர் இரண்டு துண்டு. எல்லாவற்றிலும் மோசம், ஏர் கிளீனரிலிருந்து இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாயில் ஓர் ஓட்டை. வயர் அறுந்தால் விளக்கு எரியாது, அவ்வளவுதான். அந்தக் குழாயில் ஓட்டை இருந்தால் வடிகட்டாத காற்று மண்தூசியோடு சிலிண்டருக்குள் போய், பிஸ்டன் ரிங்கையும் லைனரையும் உரசித் தேய்த்துவிடும். வண்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும், உள்ளே செத்துக்கொண்டிருக்கும். "சாரே, எலி நல்ல பணி தந்நல்லோ" என்று மெக்கானிக் சிரித்தார். மலையாளத்தில் பணி தருவது என்றால் வேலை கொடுப்பது மட்டுமல்ல, வகையாக மாட்டிவிடுவதும்தான் என்பது இங்கே சில வருடம் இருந்த அன்பர்களுக்குத் தெரியும்.

அந்தக் கூட்டையும் ஷெட்டில் கிடந்த எலிப்புழுக்கையையும் நானே வெறுங்கையால் அள்ளிக் கொட்டினேன். தரை ஈரமாக இருந்தது. காலில் செருப்பு மட்டும். விரலில் அரிவாள் பட்ட பழைய வெட்டு ஒன்று ஆறாமல் இருந்தது. எட்டாவது நாள் காய்ச்சல் வந்தது. தலைவலி, கெண்டைக்காலில் தொட முடியாத வலி, கண் இரண்டும் சிவப்பு. மழையில் நனைந்த காய்ச்சல் என்று இரண்டு நாள் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். "ஏங்க, கண்ணைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது, கிளம்புங்க" என்று என் மனைவிதான் ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் முதலில் கேட்ட கேள்வி, "வயலில் இறங்கினீர்களா, எலி உள்ள இடத்தைச் சுத்தம் செய்தீர்களா?" என்பதுதான். நான் தலையாட்டியதும், "எலிப்பனியாணு சம்சயம்" என்றார்.

புதிதாக வந்த தமிழ்க் குடும்பங்களுக்காக ஒரு வார்த்தை. இங்கே பனி என்றால் காய்ச்சல். எலிப்பனி என்று பேப்பரில் வந்தால் அது நம் எலிக்காய்ச்சல். லெப்டோஸ்பைரா என்னும் கிருமி எலியின் சிறுநீரில் வெளிவந்து, ஈரத்திலும் தேங்கிய நீரிலும் உயிரோடு இருந்து, நம் தோலில் உள்ள வெட்டு, கீறல் வழியாகவும் கண், மூக்கு, வாய் வழியாகவும் உள்ளே நுழைகிறது. 1886-இல் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வைல் இந்நோயின் கடுமையான வடிவத்தை விவரித்தார். கிருமியை ஜப்பானியர்கள் முதல் உலகப்போர்க் காலத்தில் கண்டுபிடித்தார்கள். கேரளத்தில் 2018 ஆகஸ்ட் வெள்ளத்துக்குப் பிறகு வீடுகளைச் சுத்தம் செய்தவர்களிடையே இது பரவி, உயிர்களையும் வாங்கியது. அப்போது சுகாதாரத் துறை தடுப்புக்காக டாக்ஸிசைக்ளின் மாத்திரைகளை வழங்கியது. வயல், ஓடை, எலி உள்ள ஷெட் என்று இறங்க வேண்டியவர்கள் அந்த மாத்திரையைப் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அது ஆகாது என்பதால் கடையில் நாமே வாங்கி விழுங்கக் கூடாது.

ஆறு நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்து வந்தேன். சீக்கிரம் பிடித்தால் சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே இது குணமாகும். தாமதித்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் பிடித்துக்கொள்ளும். எலி இருந்த இடத்தைச் சுத்தம் செய்து ஒரு மாதத்துக்குள் காய்ச்சல் வந்தால், டாக்டர் கேட்காவிட்டாலும் அந்த விஷயத்தை நீங்களே சொல்லிவிடுங்கள். நேந்திரன் அந்த வருடம் டிசம்பரில்தான் நட முடிந்தது. ஓண விலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எலி ஏன் வயரைக் கடிக்கிறது? பசியால் அல்ல. அதன் முன்பற்கள் சாகும் வரை வளர்ந்துகொண்டே இருக்கும். கொறித்துத் தேய்க்காவிட்டால் வாயை மூட முடியாது. காரின் வயர் உறையில் சோயா கலந்திருப்பதால்தான் எலி வருகிறது என்று அமெரிக்காவில் கம்பெனிகள் மேல் வழக்கே போட்டார்கள். சோயா வருவதற்கு முன்பும் எலி வயரைக் கடித்துக்கொண்டுதான் இருந்தது. ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் மிளகாய்க் காரம் ஏற்றிய டேப் ஒன்றை வயரில் சுற்றுவதற்கென்றே விற்கிறது. எலிக்கு மிளகாய்பஜ்ஜி பிடிக்காது என்று அவர்கள் நம்புகிறார்கள் போலும்.

என் அப்பா கலப்பையைப் பரணில் ஏற்றி வைப்பார். மரக்கலப்பையில் எலிக்கு என்ன கிடைக்கும்? அவருடைய கவலையெல்லாம் நெல் பத்தாயம்தான். பத்தாயத்தைத் தரையில் வைக்காமல் கால் வைத்துத் தூக்கியிருப்பார், சுவரிலிருந்து ஓர் ஆள் நடக்க இடம் விட்டிருப்பார், சுற்றிலும் ஒரு மணி நெல் சிந்த விடமாட்டார். எலி ஒளிய இடமும் தின்னத் தீனியும் இல்லாமல் செய்தார். நான் படித்தவன், தார்ப்பாய் போட்டு மூடினேன்!

இப்போது மே மாதத்திலேயே, மழைக்கு முன், வேலையை முடித்துவிடுகிறேன். முதலில் ஓட்டை. பென்சில் நுழையும் சந்து இருந்தால் சுண்டெலி நுழையும். கட்டை விரல் நுழைந்தால் பெரிய எலிக்குப் போதும். கதவின் அடியில் தகரப் பட்டை அடித்தேன். ஜன்னலுக்குக் கால் அங்குலக் கண் உள்ள கம்பி வலை. கொசுவலை போன்ற நைலானை ஒரே இரவில் கடித்துவிடும். சுவர் ஓட்டைகளில் பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரைத் திணித்து மேலே சிமெண்ட் பூசினேன். வெறும் சிமெண்டை, அதுவும் காய்வதற்கு முன், எலி குடைந்துவிடும். ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் நெளிவு சுவரில் உட்காரும் இடத்தில் வரிசையாக அரைவட்டச் சந்துகள் இருக்கும். அதை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை; நானும் பார்க்கவில்லை.

அதைவிட முக்கியம் நம் தென்னை. தரையில் வரும் வரப்பெலியும் பெருச்சாளியும் வேறு, தென்னை மண்டையில் கூடு கட்டி இளநீர்க் குரும்பையைத் துளைக்கும் எலி வேறு. அது மட்டையில் நடந்து கூரையில் குதிக்கும். ஷெட்டைத் தொடும் மட்டைகளை வெட்டி, மரத்தில் ஆள் உயரத்துக்கு மேல் ஓரடிக்கு மேற்பட்ட அகலத்தில் வழுவழுப்பான தகரம் சுற்றினேன். நகம் பிடிக்காமல் வழுக்கிவிடும். (பெருச்சாளி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஆங்கிலத்தில் பாண்டிகூட் என்கிறார்களே, அது நம் பக்கத்து வீட்டுத் தெலுங்கின் பந்திகொக்கு. பன்றி எலி என்று பொருள். ஆங்கிலேயனுக்கு நாம் கொடுத்த சொற்களில் இதுவும் ஒன்று.)

பிண்ணாக்கு, எல்லுப்பொடி, விதை எல்லாம் இப்போது வீட்டில், மூடி போட்ட தகர டின்னில். டில்லரை நன்றாகக் கழுவி, சக்கரத்திலும் பின் கத்தியிலும் சிக்கிய வைக்கோலையும் மண்ணையும் எடுத்துவிட்டு, சுவரிலிருந்து இரண்டடி தள்ளி நிறுத்துகிறேன். ஏர் கிளீனர் வாயையும் சைலன்சர் வாயையும் கம்பி வலையால் கட்டி, கைப்பிடியில் சிவப்புத் துணி ஒன்று தொங்கவிடுவேன்; கட்டை அவிழ்க்காமல் யாரும் கிளப்பிவிடக் கூடாதல்லவா? தார்ப்பாய் வேண்டுமென்றால் மேலே மட்டும், ஓரம் தரையைத் தொடாமல். பத்து நாளுக்கு ஒரு முறை போய், கட்டுகளை அவிழ்த்து, கால் மணி நேரம் இன்ஜினை ஓட விடுகிறேன். இந்தச் சத்தமும் அதிர்வும் போல எலியை விரட்டுவது வேறில்லை. பம்பு மோட்டாரின் வயர் நுழையும் பெட்டியில் ரப்பர் வாஷர் போயிருந்தால் மாற்றிவிடுங்கள். பல்லியும் சுண்டெலியும் அதன் வழியே போய்த்தான் மோட்டாரைச் சுட வைக்கின்றன.

பாச்சை உருண்டை, புகையிலை, சத்தம் போடும் மின் கருவி பற்றிப் பலர் கேட்கிறார்கள். முதலிரண்டும் நாற்றம் போகும் வரை. அல்ட்ராசோனிக் கருவி விற்றவர்களுக்கு, ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்யாதீர்கள் என்று அமெரிக்க வர்த்தக ஆணையமே 2001-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. எலி அதற்குப் பழகிக்கொள்கிறது.

பொறி நல்லது. ஆனால் பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சந்தேகப்படும். ஆகவே மூன்று நான்கு நாள் பொறியைக் கட்டாமல், தீனி மட்டும் வைத்துப் பழக்குங்கள், பிறகு கட்டுங்கள். சுண்டெலிக்கு அந்தப் பொறுமை தேவையில்லை, அது எதையும் மோந்து பார்க்கும். ஊரில் மசால் வடை என்றால் இங்கே சுட்ட தேங்காயும் கருவாடும். எலி சுவரை ஒட்டித்தான் ஓடும். நடு ஷெட்டில் பொறி வைத்துவிட்டு விழவில்லையே என்று வருந்தக் கூடாது. நீண்ட மூக்கோடு கீச்சிட்டு ஓடும் மூஞ்சூறு விழுந்தால் விட்டுவிடுங்கள். அது எலி இனமே அல்ல, பூச்சி தின்னும் பிராணி.

விஷம் என் கடைசித் தேர்வு. விஷம் தின்ற எலி நாம் எடுக்க முடியாத இடத்தில் போய்ச் செத்து நாறும். அதைத் தின்னும் கூகையும் பூனையும் சாகக்கூடும். அதைவிடப் பெரிய பயம் குழந்தைகள். பசையாக விற்கப்பட்ட மஞ்சள் பாஸ்பரஸ் விஷத்துக்கு மாற்று மருந்தே கிடையாது. கல்லீரலை அழித்துவிடும். பழைய டப்பா எதாவது வீட்டில் கிடந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். புரோமடியோலோன் கேக்குக்கு வைட்டமின் கே மாற்று மருந்து உண்டு. அதனால் மட்டும் அது விளையாட்டுப் பொருளாகிவிடாது.

டில்லர் இல்லாத அன்பர்களுக்கும் இதே கதைதான். ஏப்ரல், மே விடுமுறைக்கு நாகர்கோவிலோ மதுரையோ போகும்போது பிளாட்டின் கீழ்த்தளத்தில் நிற்கும் காரும் ஸ்கூட்டரும் ஓய்வெடுக்கும் இயந்திரங்களே. சீட்டுக்கு அடியில் கிடக்கும் முறுக்குத் தூளைக் கூட்டி எடுங்கள். குப்பைத் தொட்டியிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். பக்கத்து வீட்டு நண்பரிடம் சாவி கொடுத்து வாரம் ஒரு முறை கிளப்பச் சொல்லுங்கள். திரும்பி வந்ததும் சாவியைத் திருப்புவதற்கு முன் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். புழுக்கையோ கூடோ தெரிந்தால், ரப்பர் கையுறையும் முகத்தில் துணியும் போட்டு, சோப்புத் தண்ணீரால் நனைத்து, ஈரத் துணியால் வழித்து எடுங்கள். உலர்ந்த துடைப்பத்தால் பெருக்கிப் புழுதி கிளப்ப வேண்டாம். பிளீச்சிங் பவுடர் கரைசல் தரைக்கு மட்டும். இன்ஜினில் ஊற்றினால் அலுமினியம் அரித்துவிடும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அந்த வேலையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள், அவருக்கும் கையுறை கொடுத்து.