சர்வர்களின் கதை – 12: முழு இயந்திரமும் எனக்கே!

எத்தனை கோர்? எவ்வளவு நினைவகம்? ஓட ஆரம்பிக்கும்போது ஒரு சர்வர் மென்பொருள் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை இரண்டும்தான். ஆனால், நெடுங்காலம் மென்பொருள்கள் இதைக் கேட்டதே இல்லை. கணக்குப் போடுவது அட்மின் தலையில் விழுந்த வேலை.

1990-களின் அப்பாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு இணைப்புக்கு ஒரு ப்ராசஸ். உச்சவரம்பு 256. அதற்கு மேல் வேண்டுமென்றால் மூலநிரலில் எண்ணைத் திருத்தி மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். கூட்டவே கூடாத இடங்களும் உண்டு. ஒரு ப்ராசஸ் 20 எம்.பி. பிடிக்கிறது, மென்பொருளுக்கு ஒதுக்க முடிந்தது 800 எம்.பி. என்றால், 40 பேருக்கு மேல் தாங்காது. ஆசைப்பட்டு 256 என்று விட்டுவைத்தால், கூட்டம் வரும் நாளில் ஸ்வாப் தொடங்கிவிடும். நினைவகத்தில் இருக்க வேண்டியது ஹார்டு டிஸ்க்குக்குப் போய்ப்போய் வரும். பக்கம் வர நேரமாகிறதே என்று பயனர் ரிஃப்ரெஷ் பட்டனை அமுக்குவார், கூட்டம் இரட்டிப்பாகும். நிறைய சர்வர்கள் படுத்தது இப்படித்தான்.

ரஷ்யாவின் இகோர் சிசோயெவ் 2004-இல் வெளியிட்ட என்ஜின்எக்ஸ், ஆளுக்கொரு ப்ராசஸ் என்ற முறையையே கைவிட்டது. கோருக்கு ஒரு வொர்க்கர் போதும். ஒவ்வொரு வொர்க்கரும் ஆயிரக்கணக்கான இணைப்புகளைப் பார்த்துக்கொள்ளும். எத்தனை வொர்க்கர் என்ற இடத்தில் 'ஆட்டோ' என்று எழுதும் வசதி பின்னால் வந்தது. கோர்களை அதுவே எண்ணிக்கொள்ளும்.

தரவுத்தளங்கள் இந்த விஷயத்தில் கூச்ச சுபாவம் கொண்டவை. 128 ஜி.பி. நினைவகமுள்ள இயந்திரத்தில் போஸ்ட்கிரெஸ்ஸை நிறுவினாலும், தன் பொதுத் தேக்கத்துக்கு அது வழக்கமாக எடுத்துக்கொள்வது 128 எம்.பி. மட்டுமே. கால் பங்கு நினைவகம் கொடுத்துத் தொடங்குங்கள் என்று அதன் கையேடே சொல்கிறது, தானாக எடுத்துக்கொள்ளாது. மைஎஸ்கியூஎல் 8.0-இல், 'இந்த இயந்திரம் முழுக்க உனக்குத்தான்' என்று சொல்ல ஓர் அமைப்பு வந்தது. அதைப் போட்டால், 4 ஜி.பி.க்கு மேல் உள்ள இயந்திரங்களில் முக்கால் பங்கைத் தேக்கமாக்கிக்கொள்ளும். கேட்டால் ஒழிய அது இயங்காது. சரியான முடிவு என்பேன். ஏனென்றால், தனி இயந்திரம் என்பதே அப்போது அரிதாகிக்கொண்டிருந்தது.

காரணம், கன்டெய்னர். லினக்ஸ் கெர்னலில் 2008-இல் சேர்ந்த 'சிகுரூப்' வசதி, ஒரே இயந்திரத்தைப் பல மென்பொருள்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறது. 2013-இல் டாக்கர் வந்து அதை எல்லோர் கைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. சிக்கல் என்னவென்றால், கன்டெய்னருக்குள் இருந்துகொண்டு வழக்கமான வழியில் நினைவகம் எவ்வளவு என்று கேட்டால், பங்கு எவ்வளவு என்று பதில் வராது. முழு இயந்திரத்தின் அளவுதான் வரும். அடுக்குமாடியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்தவர் மொட்டைமாடித் தொட்டி முழுவதும் தனக்கே என்று கணக்குப் போடுவது போலத்தான்.

ஜாவா அப்படித்தான் கணக்குப் போட்டது. வேறெதுவும் சொல்லாவிட்டால், இருக்கும் நினைவகத்தில் கால் பங்கு வரை ஹீப்பை வளரவிடுவது அதன் வழக்கம். 64 ஜி.பி. இயந்திரத்தில் 1 ஜி.பி. பங்கு பெற்ற கன்டெய்னருக்குள்ளும் '16 ஜி.பி. வரை போகலாம்' என்று நம்பியது. 1 ஜி.பி.யைத் தாண்டியதும் கெர்னல் அதைக் கொன்றுவிடும். ஜாவாவின் பதிவேட்டில் பிழைச்செய்தி ஒரு வரிகூட இருக்காது. 137 என்ற வெளியேற்ற எண் மட்டும் மிஞ்சும். 128-உடன் கொல்லும் சிக்னலின் எண் 9-ஐக் கூட்டினால் வருவது அது. மார்ச் 2018-இல் வந்த ஜாவா 10 முதல் பங்கைப் பார்க்கக் கற்றுக்கொண்டது.

கோர் கணக்கு தவறினால் சாவு வராது. இழுத்தடிப்பு வரும், கண்டுபிடிப்பதும் கடினம். கோ மொழி 2015-இல், பதிப்பு 1.5-இலிருந்து, இயந்திரத்தில் உள்ள கோர்கள் அத்தனையிலும் ஒரே நேரத்தில் ஓடத் தொடங்கியது. 64 கோர் இயந்திரத்தில் 2 கோர் அளவு மட்டும் அனுமதி பெற்ற கன்டெய்னரை நினைத்துக்கொள்ளுங்கள். கெர்னல் வழக்கமாக 100 மில்லிவினாடிக்கு ஒருமுறை கணக்குப் பார்க்கும். அதற்குள் 200 மில்லிவினாடி ப்ராசஸர் நேரம் செலவழிக்கலாம். 64 த்ரெட்டும் ஒன்றாக ஓடினால் அந்த 200, சுமார் 3 மில்லிவினாடியில் தீர்ந்துவிடும். மீதி 97 மில்லிவினாடியும் மென்பொருள் உறைந்து நிற்கும். சராசரிப் பயன்பாட்டு வரைபடத்தில் பெரிதாக எதுவும் தெரியாது. பயனருக்கு மட்டும் பக்கம் விட்டுவிட்டு வரும்.

இதற்கு ஊபர் நிறுவனம் ஒரு சின்ன நூலகம் எழுதி வெளியிட்டது. பல நிறுவனங்கள் அதைச் சேர்த்துக்கொண்டு காலம் தள்ளின. கோ மொழி தானாகவே பங்கைப் பார்த்து நடந்துகொள்ளத் தொடங்கியது ஆகஸ்ட் 2025-இல் வந்த 1.25 பதிப்பில்தான். பழைய பதிப்பில் ஓடும் சேவை உங்களிடம் இருந்தால், த்ரெட் எண்ணிக்கையை இன்றே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)