அம்மாவுக்கு ஆள் தேவை!

கழுகுமலையில் அம்மா படுத்த படுக்கை. நானோ சென்னையில், ஃபைல்களோடு. பார்த்துக்கொள்ள ஓர் அக்காவை அனுப்பினார் ஏஜென்சிக்காரர்.

"விசாரிச்சீங்களா?"

"ஆதார் ஜெராக்ஸ் இருக்கு சார்!"

(ஆதாரில் குணத்தை அச்சடிப்பதில்லை.)

வீட்டு வேலைக்கு வருபவரைப் பற்றி விசாரிக்கத் தமிழ்நாடு போலீஸ் 2018-லிருந்து இணையத்தில் வசதி வைத்திருக்கிறது. பணம் கட்டினால், பதிவேட்டில் வழக்கு உண்டா என்று பார்த்துச் சொல்வார்கள். கட்டினேன். வழக்கில்லை. ஆனால் யாரும் புகார் கொடுக்காத திருட்டும் அதட்டலும் எந்தப் பதிவேட்டில் ஏறும்? அவர் முன்பு வேலை பார்த்த கோவில்பட்டி வீட்டுக்கு போன் போட்டேன்.

"மூணு வருஷம் படுக்கை. எங்கப்பாவுக்கு முதுகுல ஒரு புண்ணு வரலை தம்பி" என்றார் அந்த வீட்டம்மா.

ஊருக்குப் போனதும் அக்காவிடம் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன்.

"அதனால என்ன தம்பி? நானும் ஒங்க தெருவுல விசாரிச்சிட்டுத்தான வந்தேன், சம்பளம் ஒழுங்கா வருமான்னு!"