மில்லுக்குள்ளும் சைக்காலஜி இருக்குங்க

"சைக்காலஜி" என்றாலே கோயமுத்தூர்ப் பக்கம் "பைத்தியத்துக்குப் பாக்கற படிப்புங்களா?" என்றுதான் பலரும் கேட்கிறார்கள். சிகிச்சை என்பது அதில் ஒரு கிளை மட்டுமே. அதன் பெயர் மருத்துவ உளவியல். மனச்சோர்வு, பதற்றம் போன்றவற்றைப் பேச்சுவழிச் சிகிச்சையால் கவனிப்பது. (மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர். அவர் எம்.பி.பி.எஸ். முடித்தவர், இருவரும் வேறு.) பையன் ஏன் படிக்கத் திணறுகிறான் என்று பார்ப்பது கல்வி உளவியல். வயதுக்கேற்ப மனம் மாறுவதை ஆராய்வது வளர்ச்சி உளவியல்.

மில் ஊர்க்காரர்களான நமக்கு ரொம்ப நெருக்கமானது தொழில் உளவியல். நம் நாட்டிலேயே இதற்கு நல்ல உதாரணம் இருக்கு. 1953, அகமதாபாத் காலிகோ மில். தானியங்கித் தறிகள் போட்டும் எதிர்பார்த்த உற்பத்தி வரவில்லை. லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் வந்து பார்த்தார். 224 தறி, 29 ஆட்கள், 12 விதமான வேலை. யார் யாரோடு சேர்ந்தவர் என்பதே தெளிவாக இல்லை. சிறு குழுக்களாகப் பிரிந்து, குழுவுக்கு இத்தனை தறி என்று பொறுப்பேற்கலாம் என்ற யோசனை வந்தது. தொழிலாளர்களே அதை எடுத்துக்கொண்டு குழு சேர்ந்தார்கள். துணிச் சேதம் குறைந்தது, உற்பத்தி கூடியது. தறி அதேதான், ஆட்கள் சேர்ந்து வேலை செய்த விதம்தான் மாறியது.

நம்ம மில்களில் நூல் அறுந்தால் பஞ்சா, ஈரப்பதமா, ஸ்பிண்டிலா என்று உடனே காரணம் தேடுகிறோம். ஆள் நின்றுவிட்டால் மட்டும் "இந்தக் காலத்துப் பசங்க அப்படித்தானுங்க" என்று முடித்துவிடுகிறோம். அங்கேயும் காரணம் தேடலாமுங்க. அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது.