விதையும் நிலமும்: புற்றுநோய் பரவும் விதம்

மலருக்கு ஆண்டுதோறும் கல்வெட்டு பற்றி எழுதி உங்களைச் சோதிப்பவன் நான். இம்முறை புற்றுநோய். வைத்தியம் படித்தவனல்ல, தானிய வியாபாரி. வீட்டுக்கு வந்த நோய் படிக்க வைத்தது.

என் மனைவிக்கு மார்பில் கட்டி. அறுவை செய்து, மருந்தும் ஏற்றி, ஆறு வருஷம் நன்றாக இருந்தாள். பிறகு முதுகெலும்பில் வந்தது. "எல்லாத்தையும்தான் எடுத்தாச்சே, எலும்புக்கு எப்படிங்க போச்சு?" என்றாள். நான் நேரே அறுவை செய்த டாக்டரிடம் போய், எதையோ மிச்சம் வைத்துவிட்டீர்கள் என்று சண்டை போட்டேன். அவர் சொன்ன பதில் அன்று காதில் ஏறவில்லை.

விடை 1889-ல் தொடங்குகிறது. லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் குறிப்புகளைப் புரட்டி லான்செட் இதழில் எழுதினார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்தது. மண்ணீரலில் 17 பேருக்குத்தான். மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகத்தான் போகிறது. ரத்தம் கொண்டுபோய்ச் சேர்க்கும் இடமெல்லாம் நோய் முளைக்குமானால் இவ்வளவு வித்தியாசம் ஏன்? விதை எங்கும் போகலாம், ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. (பெயரிலேயே மண்ணை வைத்திருக்கும் உறுப்பு இந்த விதைக்கு ஒத்துவரவில்லை, பாருங்கள்.)

விதையும் ஒரே விதையாக நிற்பதில்லை. ஒரு செல் பிரிகிற ஒவ்வொரு தடவையும் மரபணுவில் பிழை விழலாம். எந்த மாற்றம் பிழைத்துக்கொள்ள உதவுகிறதோ அந்த வம்சம் தழைக்கிறது என்று 1976-ல் பீட்டர் நோவெல் விளக்கினார். எங்கள் சமயத்தவன் சொல்லக் கூசும் உதாரணம்: கிடங்கில் வண்டுக்கு மருந்து வைத்தால், அதைத் தாங்குகிற நாலு வண்டு மிஞ்சும்; அடுத்த தலைமுறை அவற்றின் பிள்ளைகள். மருந்துக்குச் சுருங்கிய கட்டி, திரும்ப வந்தபின் அதே மருந்துக்கு மசியாததற்கு ஒரு காரணம் இது.

கட்டிக்குள் புற்று செல் மட்டும் இல்லை. ரத்தக்குழாய், நார்த்திசு, வெள்ளணு எல்லாம் உண்டு. காயத்தை ஆற்ற வரும் ஆட்களையே புற்று தன் வேலைக்கு இழுத்துக்கொள்கிறது. புது ரத்தக்குழாய் கிடைக்காவிட்டால் கட்டி சில மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்றார் ஜூடா ஃபோக்மன், 1971-ல்.

சரி, எலும்பு என்ன நிலம்? எலும்பு செத்த கட்டை இல்லைங்க. அரித்தெடுக்கும் செல் ஒரு பக்கம், பூசி வைக்கும் செல் மறுபக்கம் என்று ஆயுள் முழுக்க மராமத்து நடக்கிறது. மார்பிலிருந்து வந்த செல், அரிக்கிற கூட்டத்தை ஏவிவிடுகிறது. எலும்பு கரையும்போது அதற்குள் பூட்டி வைத்திருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளிவந்து, வந்த செல்லுக்கே உரமாகின்றன. அது பெருக, மேலும் அரிப்பு.

இப்படிப்பட்ட செல்கள் கட்டியை எடுப்பதற்கு முன்பே கிளம்பி, மஜ்ஜையில் பல வருஷம் உறங்கிக் கிடக்க முடியும். டாக்டர் அன்று சொன்னது இதைத்தான். போய் மன்னிப்புக் கேட்டேன்.

இப்போது அவளுக்கு எலும்பு அரிப்பை அடக்கும் சோலெட்ரானிக் அமிலம் ஏற்றுகிறார்கள். எலும்பு முறிவையும் வலியையும் குறைக்கத்தான் அது. விளக்கிச் சொன்னேன். வந்தவாசிப் பக்கத்து விவசாயி மகள் அல்லவா, "அப்போ இது நெலத்துக்கு வைத்தியமா?" என்றாள். ஆமாம், விதைக்குத் தனியாக மாத்திரை இருக்கிறது, ராத்திரி அதை மறந்துவிடாதே என்றேன்.