வாணியனுக்குக் கொடு!

"வைத்தியனுக்குக் கொடுப்பதை வாணியனுக்குக் கொடு" என்பது பழமொழி. உடம்புக்குச் சொன்ன இந்த யோசனை விசைப்படகின் எஞ்சினுக்கும் அப்படியே பொருந்தும். நடுக்கடலில் எஞ்சின் நின்றுவிட்டால், கூப்பிட்ட குரலுக்கு மெக்கானிக் வரமாட்டார் அல்லவா?

தமிழகத்தின் கிழக்குக் கரையில், மீன்பிடித் தடைக்காலமான ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. "ஓடாத படகுக்குப் புது எண்ணெய் எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. இது தவறு. பழைய எண்ணெயில் கரியும், ஈரமும், அமிலமும் கலந்திருக்கும். அவை சும்மா நிற்கும் எஞ்சினின் பேரிங்குகளைச் சத்தமின்றி அரித்துவிடும். ஆகவே, படகைக் கட்டிப் போடுமுன் எஞ்சினைச் சற்று ஓட்டிச் சூடாக்கி, பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியது ஊற்றவேண்டும். சூட்டில் இளகிய எண்ணெய் அழுக்கையும் சேர்த்துக்கொண்டு வெளியேறும். வடிகட்டியையும் கூடவே மாற்றுவது அவசியம்.

தொழிலுக்குப் போகும் நாட்களில், புறப்படுமுன் அளவுக் கம்பியை உருவிப் பாருங்கள். எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். நீர்த்துப்போய் டீசல் வாடை வீசினால், டீசல் கசிந்து கலக்கிறது. இரண்டிலும் காரணத்தைக் கண்டு சரிசெய்யாமல் படகை எடுக்கலாகாது. எண்ணெய் குறைந்தாலும் கெடுதி. குறிக்கு மேல் ஊற்றினாலும் கெடுதியே.

வடித்த எண்ணெயை மட்டும் கடலில் கொட்டாதீர்கள். சோறு போடும் கடல் அது!