31 பிள்ளைகளில் ஒருவர்!

அமெரிக்காவில் சில பகுதிகளில் 8 வயதுப் பிள்ளைகளைக் கணக்கு எடுத்தார்கள். 2000-ம் ஆண்டில் 150 பேரில் ஒருவருக்கு "ஆட்டிசம்" இருந்தது. 2022-ம் ஆண்டில் 31 பேரில் ஒருவருக்கு!

இது தொற்றுநோயா? இல்லை. முன்பு "மந்தம்", "பிடிவாதம்" என்று ஒதுக்கிய பிள்ளைகளை இப்போது டாக்டர்கள் அடையாளம் காண்கிறார்கள். எண்ணிக்கை கூடியதற்கு அது முக்கிய காரணம்.

இவர்கள் முகம் பார்த்துப் பேசுவது குறைவு. செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். பலருக்குச் சரியான தூக்கம் இராது. சிலருக்கு வலிப்பு, வயிற்றுக் கோளாறும் உண்டு.

ஒரு காலத்தில், "தாய் அன்பு காட்டாததே காரணம்" என்று டாக்டர்களே கூறினார்கள். என்ன கொடுமை! அது தவறு என்று பின்னர் தெரிந்தது.

பழி நீங்கியும் தாய்க்குக் கஷ்டம் தீரவில்லை. இவர்களுடைய தாய்மார், மற்ற தாய்மாரைவிட வாரத்துக்கு 7 மணி நேரம் குறைவாகவே வேலைக்குப் போகிறார்கள். சம்பாத்தியமோ பாதிகூட இல்லை. அமெரிக்காவில் 2012-ம் ஆண்டு வெளியான ஆய்வு இப்படிக் கூறுகிறது.