கல்வி உளவியலில் முனைவர் பட்டம்

கல்வி உளவியலில் முனைவர் பட்டம் என்பது கற்றல், கற்பித்தல் ஆகியவற்றின் உளவியல் கூறுகளை ஆய்ந்து பெறப்படும் உயர் ஆய்வுப் பட்டம் ஆகும். நுண்ணறிவு, கற்றல் ஊக்கம், தேர்வுப் பதற்றம், கற்றல் குறைபாடு முதலியன இதன் வழமையான ஆய்வுப் பொருள்கள். எட்வர்ட் தார்ண்டைக் 1903 ஆம் ஆண்டில் 'கல்வி உளவியல்' என்னும் பெயரிலேயே நூல் வெளியிட்டார்.

துறையும் சேர்க்கையும்

இந்தியாவில் இவ்வாய்வை மேற்கொள்வோர் பெரும்பாலும் கல்வியியல் துறையிலோ உளவியல் துறையிலோ பதிவு செய்கின்றனர். தேசியத் தகுதித் தேர்வில் (நெட்) இவ்விரண்டும் தனித்தனிப் பாடங்கள். கல்வி உளவியல் தனிப் பாடமாக இல்லை. ஆகவே தலைப்பைக் காட்டிலும் துறையை முதலில் முடிவு செய்தல் நன்று. பின்னாளில் எந்தத் துறையில் ஆசிரியப் பணி கேட்கலாம் என்பது அதைப் பொறுத்தது.

தென்சென்னைப் புறநகரில் இதற்கு முதன்மையான இடம் காரப்பாக்கத்தில் உள்ள தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். 2008 இல் நிறுவப்பட்ட இங்கு கல்வி உளவியலுக்குத் தனித்துறை உண்டு. ஊரப்பாக்கமும் காரப்பாக்கமும் பெயரில் நெருங்கியவை, வழியில் அல்ல. முன்னது ஜி.எஸ்.டி. சாலையிலும் பின்னது பழைய மாமல்லபுரம் சாலையிலும் உள்ளன, இடையே நேரடித் தொடர்வண்டியும் இல்லை.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஆம் ஆண்டு விதிகளின்படி முதுகலையில் 55 விழுக்காடு மதிப்பெண் தேவை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத் திறனாளிகள் உள்ளிட்டோருக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு. ஆய்வுக் காலம் குறைந்தது 3 ஆண்டுகள், மிகுதியாக 6 ஆண்டுகள். பணியிலுள்ள ஆசிரியர்கள் தம் நிறுவனத்தின் தடையின்மைச் சான்றுடன் பகுதிநேரமாகப் பயிலலாம். தொலைநிலை முறையில் இப்பட்டம் வழங்க அவ்விதிகள் இடமளிக்கவில்லை. அவ்வாறு வரும் விளம்பரங்களை நம்புதல் கூடாது. ஒரு பேராசிரியர் 8 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும் மேல் ஒரே நேரத்தில் நெறியாளராக இருக்க முடியாது. எனவே தகுதி இருந்தும் நெறியாளரிடம் இடமின்றிக் காத்திருப்பது வழக்கமாகிறது.

ஆய்வுக் கருவி

இத்துறையில் மிகுந்த உழைப்பைக் கோருவது அளவுகோல். அயல்மொழியில் உருவான வினாப்பட்டியலை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தல் போதாது. ஸ்டான்போர்டு-பினே நுண்ணறிவுச் சோதனையை மராத்தி, கன்னடச் சிறாருக்கு ஏற்ப வி. வி. காமத் தழுவியமைத்தது இதற்கு நல்ல முன்மாதிரி.

தமிழில் இச்சிக்கல் இன்னும் ஆழமானது. பேச்சு வழக்கும் எழுத்து வழக்கும் வெகுவாக வேறுபடுவதால், "தேர்வறையில் நான் பதற்றமடைகிறேன்" என்னும் கூற்றைப் படிக்கும் ஆறாம் வகுப்பு மாணவர் 'பதற்றம்' என்னும் சொல்லிலேயே தடுமாறலாம். அப்போது வினாப்பட்டியல் அளப்பது அச்சத்தையன்று, வாசிப்புத் திறனை. "பரீட்சை எழுதும்போது எனக்குக் கை நடுங்கும்" என்றால் அவருக்குப் புரியும். ஆனால் அது மூலக் கூற்றுக்கு நிகரானதா என்பதை மீள்மொழிபெயர்ப்பாலும் முன்னோட்ட ஆய்வாலும் உறுதி செய்ய வேண்டும். நம்பகத்தன்மையை அறியக் குரோன்பாக் 1951 இல் முன்வைத்த ஆல்பா கெழு பரவலாகப் பயன்படுகிறது. இதைக் கணினி நொடியில் கணித்துவிடும், ஆனால் வினா தவறானது என்று சொல்லாது. எல்லா மாணவரும் ஒரேவிதமாகத் தவறாகப் புரிந்துகொண்டாலும் கெழு உயர்வாகவே வரக்கூடும்.

அரசுப் பள்ளிகளில் தரவு திரட்ட முதன்மைக் கல்வி அலுவலரின் இசைவு பெறப்படுகிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு மாவட்டம் பிரிக்கப்பட்டபின் ஊரப்பாக்கம் பள்ளிகளுக்கு அம்மாவட்ட அலுவலகத்தை அணுக வேண்டும், காஞ்சிபுரத்தை அன்று. மார்ச் மாதப் பொதுத்தேர்வை ஒட்டிய வாரங்களில் பள்ளிகள் ஆய்வாளரை வரவேற்பதில்லை என்பதால் ஒரு பருவம் தவறினால் பல மாதங்கள் வீணாகும்.

பட்டத்திற்குப் பின்

2023 சூலை முதல் உதவிப் பேராசிரியர் நேரடி நியமனத்திற்கு நெட், செட் ஆகியவையே குறைந்தபட்சத் தகுதி. முனைவர் பட்டம் கட்டாயமன்று. இப்பட்டம் மட்டும் பெற்றவர் மருத்துவ உளவியலாளராகப் பணிபுரிய இயலாது. அதற்கு 1992 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெறுதல் வேண்டும், அதற்குரிய பயிற்சி வேறு.